உல்லாஸ்நகர்: ஆற்றின் கணக்கும் ஆஸ்பத்திரியின் கணக்கும்

மும்பையின் நீரும் நோயும் – வரலாற்றுத் தொடர், பகுதி 14

1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி, கல்யாணுக்கு அருகே இருந்த பழைய ராணுவ முகாம் ஒன்றில் புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார் ராஜாஜி. அப்போது அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். இரண்டாம் உலகப் போரின்போது படையினரைத் தங்கவைத்து அனுப்புவதற்காகக் கட்டிய பாரக்குகள் போர் முடிந்ததும் காலியாகக் கிடந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பாரக்குகளில், பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் குடியமர்த்தப்பட்டார்கள். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். இன்றைக்கும் உல்லாஸ்நகரில் விலாசம் சொல்கிறவர்கள் தெருவைச் சொல்வதற்கு முன் கேம்ப் நம்பரைச் சொல்கிறார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் அம்பர்நாத், பத்லாபூர் லோக்கலில் போகிறவர்கள் விட்டல்வாடிக்கு அடுத்ததாக இந்த ஸ்டேஷனைக் கடக்கிறார்கள். ஜீன்ஸ் துணிக்கும் ஃபர்னிச்சருக்கும் பேர்போன ஊர். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 13 சதுர கிலோமீட்டரில் 5,06,098 பேர். இத்தனை பேர் இத்தனை நெருக்கமாக வாழும் இடத்தில் காற்றிலோ தண்ணீரிலோ ஒன்று கலந்தால், அதைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

சென்ற பகுதியில் 1896 பிளேக்கின்போது மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டதைப் பார்த்தோம். நோயாளியைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்த கதை அது. இந்தப் பகுதியில் வேறொன்றைத் தேடுகிறேன். மழை, ஆறு, காற்று, சாக்கடை ஆகியவற்றின் அளவுகளையும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, ஆபத்து வருவதற்கு முன்பே அதைப் படிக்கும் வழக்கம் நம் நாட்டில் எங்கே பிறந்தது? 2014 நவம்பரில் உல்லாஸ்நகருக்குத் தேவைப்பட்டபோது அது ஏன் அங்கே இல்லை?

* * *

இதற்கு விடை தேட முதலில் பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபுக்குப் போக வேண்டும்.

1908ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லாகூரில் ரயில் போக்குவரத்து திடீரென்று குலைந்தது. ரயில்வே ஊழியர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் வண்டிகளை நடத்த ஆளில்லை. அந்த ஆண்டு பஞ்சாபைத் தாக்கிய மலேரியா, அரசாங்கத்தின் கண்ணில் முதலில் பட்டது இப்படித்தான். அக்டோபர், நவம்பர் இரண்டே மாதங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அமிர்தசரஸ் நகரம் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

இதை விசாரிக்க அனுப்பப்பட்டவர் எஸ். ஆர். கிறிஸ்டோஃபர்ஸ் என்ற ராணுவ மருத்துவர். கொசுவை மட்டும் ஆராய்ந்துவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. பல பத்தாண்டுகளின் மழையளவை எடுத்தார். அதே ஆண்டுகளின் காய்ச்சல் சாவுகளை எடுத்தார். கோதுமை விலையையும் எடுத்து மூன்றையும் பொருத்திப் பார்த்தார். பருவமழை மிதமிஞ்சிப் பெய்த ஆண்டு, அதற்கு முன் தானிய விலை ஏறி ஏழைகள் அரை வயிற்றோடு இருந்திருந்தால், அந்த இலையுதிர் காலத்தில் மலேரியா கொள்ளைநோயாகிறது என்று 1911ல் வெளியான அவரது அறிக்கை காட்டியது. உடம்பில் வலு இருப்பவனைக் காய்ச்சலில் படுக்கவைக்கும் கொசுக்கடி, பட்டினி கிடந்தவனைக் கொன்றுவிடுகிறது.

அவர் பழைய ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்ததை, வரப்போகும் ஆண்டுக்குப் பயன்படுத்தியவர் சி. ஏ. கில். 1921 முதல் பஞ்சாபில் ஆண்டுதோறும் மலேரியா முன்கணிப்பு வெளியிடப்பட்டது. அதற்கு நான்கு விவரங்கள் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மழையளவு. குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற விகிதம். தானிய விலை. அந்த மாவட்டத்தில் காய்ச்சல் சாவுகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற பழைய வரலாறு. மழையை அளந்தது ஒரு துறை. மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தவர்கள் டாக்டர்கள். விலையைக் குறித்தது இன்னொரு துறை. சாவுக் கணக்கின் அடியில் இருந்தவர் கிராமச் சௌக்கிதார். இந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் எழுதியவை மட்டும் ஓர் அட்டவணையில் சந்தித்தன.

காய்ச்சல் உச்சத்துக்குப் போவது அக்டோபரில். முன்கணிப்பு செப்டம்பரில் வந்துவிடும். நடுவே கிடைத்த சில வாரங்களில் எந்த மாவட்டத்துக்குக் கூடுதல் கொய்னா அனுப்புவது என்று தீர்மானிக்க முடிந்தது. கணிப்பொறி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. மழைமானியும் மருத்துவரின் விரல்களும் தபாலும் இருந்தன. இந்த முன்கணிப்புகள் எவ்வளவு தூரம் பலித்தன என்று சத்யா ஸ்வரூப் என்ற புள்ளியியலாளர் மதிப்பிட்டுக் கட்டுரை எழுதியது 1949ல், அதாவது உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆண்டில். குருட்டு ஊகத்தைவிட அவை தெளிவாகவே மேலானவை என்பது அவர் முடிவு. அதற்குள் பஞ்சாப் இரண்டாகப் பிளந்திருந்தது. டி.டி.டி. வந்திருந்தது. கொசுவையே ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் முன்கணிப்பைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. உலகத்தில் சூழலையும் நோயையும் சேர்த்துப் படித்த முதல் எச்சரிக்கை முறைகளில் ஒன்று இந்திய மண்ணில் நடந்தது. நம் பள்ளிப் புத்தகங்களில் அதற்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

* * *

மும்பைக்கு வருவோம். செம்பூரில் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஓர் உரத் தொழிற்சாலை, ஒரு மின்நிலையம். 1970களில் அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் பகுதியை ‘கேஸ் சேம்பர்’ என்றே அழைத்தார்கள். பரேலில் இருக்கும் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் மருத்துவர் எஸ். ஆர். காமத், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். லால்பாக், செம்பூர், கார் என்று மாசில் வேறுபட்ட மூன்று நகரப் பகுதிகளையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிராமப் பகுதியையும் எடுத்துக்கொண்டார். காற்றில் கந்தக டைஆக்சைடு எவ்வளவு, தூசு எவ்வளவு என்று ஒருபக்கம் அளக்க, இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கானவர்களின் இருமலையும் மூச்சிரைப்பையும் நுரையீரல் வலுவையும் அதே காலத்தில் பதிந்தார்கள். மாசு கூடிய பகுதிகளில் இருமலும் மூச்சிரைப்பும் கூடியிருந்தன. அது வரை குடியிருப்போரின் புலம்பலாக ஒதுக்கப்பட்டது, காமத்தின் அட்டவணையில் எண்ணாக உட்கார்ந்தது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் சிலர் மும்பைக்கு வந்தார்கள். அவர்களில் 113 பேரைப் பரிசோதித்து, நுரையீரலில் நேர்ந்த மாற்றங்களை முதன்முதலில் எழுதியவர்களில் காமத்தும் ஒருவர். ஆலை எதை வெளியே விட்டது என்று போபாலில் அந்த இரவில் டாக்டர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணைக் கழுவச் சொல்வதா, ஆக்சிஜன் கொடுப்பதா, எந்த முறிமருந்தைத் தேடுவது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே அவர்கள் நின்றார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மக்களுக்கும் சொல்வார் இல்லை. பலர் வாயு போகும் திசையிலேயே ஓடினார்கள். சூழலின் தகவல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆஸ்பத்திரியின் தகவல் ஊருக்குப் போகவேண்டும். இரண்டு வழிகளும் அடைபட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி கிடையாது.

இதே 1980களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையைத் தொடங்கினார். அரசு டாக்டர்களும் தனியார் டாக்டர்களும் குறிப்பிட்ட நோய்களைக் கண்டதும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பவேண்டும். வந்த தகவல்களைத் தொகுத்து மாதச் செய்தி மடலாக அதே டாக்டர்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள். எழுதியவருக்குத் தன் அட்டை எங்கே போயிற்று, அதனால் என்ன நடந்தது என்று தெரிந்தது. அதனால் தொடர்ந்து எழுதினார். அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது 2004ல்தான்.

மும்பையின் இரண்டாவது பாடம் சாக்கடையிலிருந்து வந்தது. 2001ல் பரேலில் உள்ள என்டரோவைரஸ் ஆராய்ச்சி மையத்தில் ஜகதீஷ் தேஷ்பாண்டேயின் குழு, நகரத்துச் சேரிப்பகுதிகளின் கழிவுநீரை ஒழுங்காக எடுத்துவந்து அதில் போலியோ வைரஸைத் தேடத் தொடங்கியது. தாராவியின் கழிவுநீரும் அதில் உண்டு. காரணம் எளிது. போலியோ வைரஸ் தொற்றும் குழந்தைகளில் கால் முடங்குவது இருநூறில் ஒன்றுக்குத்தான். மீதிக் குழந்தைகள் ஓடியாடிக்கொண்டே வைரஸை மலத்தில் வெளியேற்றுவார்கள். முடங்கிய குழந்தையை மட்டும் எண்ணினால் வைரஸ் ஊர் முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியவரும். முடக்கம் எங்கும் பதிவாகாத மாதங்களிலும் சாக்கடை நீரில் வைரஸ் அகப்பட்டது. உடனே அந்தப் பகுதியில் சொட்டு மருந்து முகாம் போடலாம். மும்பைச் சாக்கடையில் காட்டு வைரஸ் கடைசியாகக் கிடைத்தது 2010 நவம்பரில்; நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில். போலியோ ஒழிந்த நாடு என்று 2014 மார்ச் 27ல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்ததில் தாராவிச் சாக்கடையின் அந்தக் குப்பிகளுக்கும் பங்கு உண்டு.

ஆக, 2014 தொடங்கும்போது மழையைக் காய்ச்சலோடும், காற்றை நுரையீரலோடும், சாக்கடையை முடக்கத்தோடும் சேர்த்துப் படிக்க இந்த நாட்டுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்றில் இரண்டு மும்பையிலேயே நடந்தவை, உல்லாஸ்நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்.

* * *

நடுவில் 2005 ஜூலை 26ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர். ஒரே நகரத்தின் இரண்டு மழைமானிகள் இரண்டு வேறு உலகங்களைக் காட்டின. நடுவே எங்கே எவ்வளவு பெய்தது என்று சொல்ல அன்று போதுமான கருவிகள் இல்லை. மும்பையில் டாப்ளர் ராடாரும் அப்போது இல்லை. உல்லாஸ் ஆறு கரை உடைத்துப் பத்லாபூர், உல்லாஸ்நகர், கல்யாண் ஊர்களுக்குள் புகுந்தது. மகாராஷ்டிரம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வெள்ளம் வடிந்தபின் வந்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியாகவும் உள்ளே போய்விடும். மும்பையில் அந்த ஆண்டு எலிக்காய்ச்சல் முந்தைய ஆண்டுகளைப்போல எட்டு மடங்கு ஆனதாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முழங்கால் தண்ணீரில் நடந்த நாள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் வரப்போகும் வாரமும் அதனால் தெரியும். இந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் பல உயிர் பிழைக்கும். மும்பை மாநகராட்சி இதைக் கற்றுக்கொண்டது. பிந்தைய ஆண்டுகளில் பெருமழை பெய்து தண்ணீர் தேங்கினால், அதில் நடந்தவர்கள் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சுகாதாரத் துறை அறிவிக்கிறது. காலில் புண் இருந்தவருக்கு ஒரு விதம், நாள் முழுக்கத் தண்ணீரில் வேலை செய்தவருக்கு வேறு விதம். மழைமானியின் எண் ஒரு மாத்திரையாக மாறி வீடு தேடி வருகிறது. இந்தத் தொடரில் நான் எழுதிய நகராட்சி நடவடிக்கைகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இது.

* * *

இனி வால்துனி.

அம்பர்நாத்துக்கு அருகே மலையில் பிறந்து, அம்பர்நாத், உல்லாஸ்நகர் வழியே வந்து கல்யாண் பக்கம் உல்லாஸ் ஆற்றோடு சேரும் சிற்றாறு. 1060ல் சிலாஹார மன்னர்கள் கட்டிய அம்பர்நாத் சிவன் கோயில் அதன் கரையில்தான் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகள் அந்தக் கோயிலுக்கு நீர் தந்த ஆறு, சுற்றிலும் இரசாயன ஆலைகள் வந்த பிறகு கழிவு வாய்க்காலாயிற்று. உல்லாஸ்நகரின் நூற்றுக்கணக்கான ஜீன்ஸ் சாயப்பட்டறைகளின் நீலமும் அதில்தான் கலந்தது. திருப்பூரையும் நொய்யலையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அங்கே 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இங்கே பட்டறைகள் மூடப்பட இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

பட்டறைக் கழிவைவிடக் கொடியது இரவில் வந்தது. எங்கோ ஓர் ஆலையின் இரசாயனக் கழிவைச் சுத்திகரிக்கப் பணம் செலவழிக்காமல், டாங்கர் லாரியில் ஏற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஆற்றிலோ ஓடையிலோ திறந்துவிட்டுப் போவது. நாற்றத்தையும் நுரையையும் பற்றிக் கரையில் இருந்தவர்கள் பல காலம் புகார் சொல்லிவந்தார்கள். உல்லாஸ், வால்துனி ஆறுகளைக் காக்கும்படி ‘வனசக்தி’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருந்தது.

2014 நவம்பர் 29, சனிக்கிழமை. விடிவதற்கு முன் வடோல்காவ் பகுதியில் டாங்கரிலிருந்து வால்துனியில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. தண்ணீரில் ஏற்கெனவே கிடந்தவற்றோடு கலந்து நச்சு வாயு கிளம்பியது. கரையோர வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் வாந்தியோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சென்ட்ரல் ஹாஸ்பிடலிலும் தனியார் மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் அதில் உண்டு.

அந்த இரவை ஒரு கணக்குப் பதிவாகப் பார்க்கிறேன். ஆற்றின் நீரை எடுத்துச் சோதித்து எழுதுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாதிரி எடுப்பது குறிப்பிட்ட நாட்களில், பகலில். ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி பதிவேட்டில் எழுதுவது சுகாதாரத் துறை. வந்தவரின் பெயர், வயது, தொந்தரவு, நேரம் எல்லாம் அதில் உண்டு. அதைத் தொகுத்து மேலே அனுப்புவது அந்த நாட்களில் வாரம் ஒருமுறை. அதுவும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று தொற்றுநோய்களுக்காக வகுத்த படிவம். விஷவாயுவுக்கு அதில் கட்டமே கிடையாது. வாரியத்தின் தாள் ஓர் அலுவலகத்தில், ஆஸ்பத்திரியின் தாள் இன்னோர் அலுவலகத்தில், போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த போன் அழைப்புகள் மூன்றாவது இடத்தில். மூன்றையும் அந்த நேரத்தில் ஒன்றாகப் பார்க்கும் நாற்காலி எந்தக் கட்டடத்திலும் போடப்படவில்லை.

ஒவ்வொரு தாளும் தனியே பார்த்தால் பலவீனமானது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டை வழியே ஓடும் ஆற்றில் அமிலத்தன்மை தினமும் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பி அபாயச் சங்கு ஊதினால் வாரத்துக்கு மூன்று முறை ஊர் ஓட வேண்டியிருக்கும், நான்காம் முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நவம்பர் மாதக் குளிரில் விடியற்காலை மூச்சிரைப்போடு ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வருவதும் புதிதில்லை. ஆஸ்துமாக்காரர்கள் என்று நெபுலைசர் வைத்து அனுப்பிவிடலாம். ஆனால் ஆற்றின் அளவு பிசகிய அதே மணி நேரத்தில், ஒரே பேட்டையிலிருந்து ஐந்து பேர் கண் எரிச்சலோடு வந்தால் அது தற்செயல் இல்லை. இரண்டு பலவீனமான தகவல்கள் ஒரே இடத்தையும் ஒரே நேரத்தையும் சுட்டும்போது உறுதியான தகவலாகின்றன. கிறிஸ்டோஃபர்ஸின் மழையும் கோதுமையும் செய்தது இதைத்தான். தேஷ்பாண்டேயின் சாக்கடைக் குப்பி செய்ததும் இதைத்தான்.

எச்சரிக்கை எதற்காக? ஆறாவது நோயாளி வருவதற்குள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. காற்றின் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே மக்களை நகர்த்தலாம். கொட்டியது அமிலமா, சல்ஃபைடா என்று ஆற்றுநீரைக் கொண்டு அறிந்து டாக்டருக்குச் சொல்லலாம். அமிலமும் சல்ஃபைடு கழிவும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போகிறவர் செத்துப்போவார். கரையில் வசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது.

2015 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம், ஆறுகளைக் கெடுத்ததற்காகப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் சுமார் 95 கோடி ரூபாய் கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம்வரை போனது. அபராதம் வேண்டும், பட்டறைகளை மூடியதும் வேண்டும். ஆனால் இவை நடந்துமுடிந்ததற்கான நடவடிக்கைகள்.

* * *

அதற்குப் பிறகு கருவிகள் நிறையவே வந்திருக்கின்றன.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி பதிவானார். பல வீடுகளுக்கு ஒரே பொதுக்கழிப்பறை, ஓர் அறையில் எட்டுப் பேர். இந்தச் சூழல்தான் தொற்றின் பாதை என்று அதிகாரிகளும் உள்ளூர் டாக்டர்களும் உணர்ந்து, காய்ச்சல் முகாம்களையும் கழிப்பறைச் சுத்தத்தையும் சேர்த்தே நடத்தினார்கள். அந்த ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் ஆகியவை அடங்கிய மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை ஆய்வு நடந்தது. சேரிப்பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே வைரஸ். வீட்டின் அளவும் கழிப்பறையின் எண்ணிக்கையும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே நின்றன.

அதே ஆண்டு ஜூன் 12ல் மும்பைக்கு ‘ஐ-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியதில் முன்நின்றது சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். மழை, கடல் ஏற்றம், ஆற்றுமட்டம், நிலத்தின் தாழ்வு எல்லாவற்றையும் சேர்த்து, எந்த வார்டில் தண்ணீர் தேங்கும் என்று மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வகுத்த முறை. 2021 ஏப்ரலில் நோய்க் கண்காணிப்பின் புதிய மின்தளம் வந்தது. வாரப் படிவத்துக்குப் பதில் அன்றாடப் பதிவு. மாசு நிறைந்த ஊர்களில் காற்றின் தரத்தோடு மூச்சுநோயாளிகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்ட மருத்துவமனைகள் பதிந்து அனுப்பும் திட்டமும் நடக்கிறது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் ஊர்ப்பட்டியலில் உல்லாஸ்நகரும் பத்லாபூரும் இருக்கின்றன.

ஆலைகளின் கழிவுக் குழாய்களிலும் இப்போது தானியங்கிக் கருவிகள் உண்டு. அளவு மீறினால் ஆலைக்கும் வாரியத்துக்கும் குறுஞ்செய்தி போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி பொருத்தியிருப்பது ஆலையின் குழாயில். இரவு இரண்டு மணிக்கு வரும் டாங்கர் அந்தக் குழாய் வழியாக வருவதில்லை. அது எங்கே நிற்கும், எந்தப் பாலத்தடியில் வால்வைத் திறக்கும் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆற்றிலேயே இடைவிடாமல் அளக்கும் கருவி வைக்காதவரை, டாங்கர் வந்ததை முதலில் அறியப்போவது கரையில் தூங்கும் ஒரு குழந்தையின் நுரையீரல். அதை முதலில் எழுதப்போவது சென்ட்ரல் ஹாஸ்பிடல் கேஷுவாலிட்டியின் இரவுப் பணி நர்ஸ். ஆகவே அந்த நர்ஸின் பதிவேட்டை நான் சுற்றுச்சூழல் கருவி என்றே சொல்வேன். அவர் எழுதும் வரி மறுநாள் காலை வரை மேஜையில் காத்திருக்கக் கூடாது.

அதை வாங்கிப் படிக்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆணையத்தை வைத்தது. அதற்குத் தலைவர் கலெக்டர். வால்துனிக்கு அவர் தாணே கலெக்டர். வாரியத்திடமும் ஆஸ்பத்திரியிடமும் வானிலைத் துறையிடமும் தகவல் கேட்க அவரால் முடியும். பஞ்சாபின் அட்டவணையில் நான்கு விவரங்கள் இருந்தன. வால்துனிக்கும் நான்கு போதும்: வடோல்காவ் அருகே மணிக்கு ஒருமுறை ஆற்றுநீரின் அமிலத்தன்மை, காற்றின் திசையும் வேகமும், கேஷுவாலிட்டியில் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வந்தவர்களின் எண்ணிக்கையும் பேட்டையும், நாற்றம் என்று வந்த போன் அழைப்புகள். இரவு முழுவதும் விழித்திருந்து அதைப் பார்க்க ஓர் ஆள். காத்திருக்காமல் லவுட்ஸ்பீக்கர் வண்டியை அனுப்ப அவருக்கு எழுத்து மூலமான அனுமதி.

அடுத்த பகுதியில்: 1911ல் பம்பாயின் கிணறுகளில் மலேரியாவைத் தேடிய டாக்டர் பெண்ட்லி.

(தொடரும்)